எல்லையில் நின்ற எருமை

போன மாதம் பக்கத்து வீட்டுப் பசுவுக்கு மருந்து வாங்குவதற்காகக் கோலார் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே புதிதாக வந்திருக்கும் பெண் டாக்டர் எங்கள் தங்கவயல் பெண்தான். நான் அந்தக் காலத்தில் ஆந்திர எல்லைச் செக்போஸ்டில் ஸ்டாக்மேனாக, அதாவது கால்நடை டாக்டருக்கு உதவியாளாக, இருந்தவன் என்று தெரிந்ததும், எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சார், மாட்டு வெக்கை நோயை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேம்மா."

"நாங்க படிக்க வர்றதுக்குள்ள அது இல்லாமலே போயிடுச்சு. புத்தகத்துல படம்தான் பாத்திருக்கோம். எப்படி இருக்கும்?"

சொன்னேன். கண்ணில் நீர் வடியும், மூக்கு காயும், ஈறில் தவிடு ஒட்டியது போலப் புண் வரும், பிறகு கழிச்சல், பிறகு சாவு. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், அவர் படத்தில் பார்த்ததையே நானும் திரும்பச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. படத்தில் வராதவை சில உண்டு. அவற்றை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பா தங்கவயலின் பாலகாட் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. அண்ணன்கள் இருவரும் அவர் பின்னாலேயே, சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டான கேஜில் இறங்கினார்கள். எனக்கு அந்தக் கேஜில் ஏறவே பயம். கால்நடை இலாகாவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். வேலை கிடைத்த அன்று அப்பா, "நாங்கல்லாம் மண்ணுக்குக் கீழ, நீ மாட்டுக்குக் கீழ. எப்படியோ நம்ம குடும்பம் குனிஞ்சிதான் சம்பாதிக்கணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

பெங்களூரில் பயிற்சி. விடியற்காலைக் குளிரும், ஒரு வெள்ளைக் காளை என் முழங்காலில் விட்ட உதையும் தவிர அதில் இப்போது எதுவும் நினைவில் இல்லை. வேலையைக் கற்றுக்கொண்டது எல்லையில்தான்.

கர்நாடகாவுக்கு இன்னும் மைசூர் ராஜ்ஜியம் என்று பெயர் இருந்த காலம். ஆந்திராவிலிருந்து தங்கவயலுக்கு வரும் சாலையில், எல்லைக் கல்லைத் தாண்டியதும் ஒரு தகரக் கொட்டகை. சாலைக்குக் குறுக்கே ஏற்றி இறக்குகிற மூங்கில் தடுப்பு. அதை ஒட்டி ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டி, அதில் சலவை சோடா கரைத்த தண்ணீர். வருகிற மாடு ஒவ்வொன்றும் அந்தத் தண்ணீரில் குளம்பை நனைத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் ஏறவேண்டும். ஓட்டிவருகிறவரும் அப்படித்தான்.

மாடு புறப்பட்ட ஊரின் டாக்டர் கொடுத்த சான்றிதழ் வேண்டும். வெக்கைக்கு ஊசி போட்ட அடையாளமாகக் காதில் ஒரு துளை இருக்கவேண்டும். இவை இல்லையென்றால் நாங்களே ஊசி போட்டு, காய்ச்சல் பார்த்து, பின்பக்கத்துப் பட்டியில் கொஞ்ச நாள் கட்டிவைத்துத்தான் அனுப்புவோம். நோய் கண்டுவிட்டால் அந்த மாடு முன்னாலும் போகக்கூடாது, வந்த வழியே பின்னாலும் போகக்கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் சண்டை வரும். "உங்க ஊர்ல வுட மாட்டீங்க, சரி. எங்க ஊருக்குத் திரும்பிப் போறோம், உங்களுக்கின்னா?" என்பார்கள். திரும்பிப் போகிற வழியெல்லாம் குட்டையில் தண்ணீர் குடிக்கிற மாடுகளுக்கும் உயிர் இருக்கிறது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் நஞ்சுண்டையா. ஹாசன் பக்கத்துக்காரர். கோலாரிலிருந்து ஜீப்பில் வருவார். இறங்கியதும் ஷூவோடு நேரே சோடாத் தொட்டிக்குள் நடப்பார். அவருடைய ஷூ அதனாலேயே வெளுத்து, வெடிப்பு விட்டிருக்கும். அடுத்து, மாடு ஓட்டிவந்தவர் யாராக இருந்தாலும், "ஊட்டா ஆய்த்தா?" என்பார். சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில். தெலுங்குக்காரரிடமும் அதே கேள்வி, தமிழரிடமும் அதே கேள்வி. அதற்குப் பிறகுதான் மாடு.

மாடுகளில் நன்றாக இருப்பதை முதலில் தொடுவார், சந்தேகமானதைக் கடைசியில். நோய்பட்ட கை நல்ல மாட்டின் மேல் படக்கூடாது என்பதற்காக. மாட்டுக்கு நேர் எதிரே போய் நிற்கமாட்டார். பக்கத்தில் நின்று அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். தெர்மாமீட்டரை எடுத்ததும் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டுவார். நானும் படித்துச் சொல்லவேண்டும். இரண்டு பேர் படித்ததும் ஒத்துப்போனால்தான் அது காய்ச்சல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மாட்டுக்காரர்களிடம் விறைப்பாகத்தான் பேசுவேன். ஒருநாள் ஒரு மந்தைக்காரரைப் பார்த்து, "போகக்கூடாதுன்னா போகக்கூடாது, அவ்வளவுதான்" என்று கத்தினேன். டாக்டர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். என் பெயரை அவர் வழக்கம்போலச் சுருக்கிக் கூப்பிட்டு, தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"ஆரோக்கிய, நம்ம மூங்கில் எவ்வளவு நீளம்?"

"சாலை அகலம் சார்."

"அதுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லாம் காடு, மேடு, ஒத்தையடிப் பாதை. இவன் நெனச்சா நாளைக்கே அதுல போவான். கூடாதுன்னு சொன்னா போவான். ஏன்னு சொன்னா, கொஞ்சம் யோசிப்பான். ஏன்னு சொல்லு. புரியலன்னா மறுபடியும் சொல்லு."

கோழிக்கும் எங்களிடம் விதி உண்டு. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், ஆந்திரப் பக்கத்தில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் கண்டு, உயிருள்ள கோழி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. வருகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி, மேலே இருக்கும் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பஸ்ஸில் வயதான அம்மா ஒருவர் குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி மடியில் எதையோ வைத்திருந்தார். "பேரப் புள்ள, தூங்குது" என்றார். நான் நகரப் போகிற நேரம் பார்த்துப் பேரப் பிள்ளை கொக்கரித்தது. பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாவுக்கு மட்டும் கண்ணில் தண்ணீர். மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று.

டாக்டர் அன்று அங்கே இருந்தார். உத்தரவை வாங்கி இன்னொரு முறை படித்தார். "உயிரோட வரக்கூடாதுன்னுதானே இருக்கு?" என்றார். அங்கேயே அந்தக் கோழியை அறுத்து, குடலையும் இரைப்பையையும் அவரே கத்தியால் திறந்து, ரத்தப் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். சுத்தமாக இருந்தது. இறகையும் குடலையும் எரித்தோம். அந்த அம்மா எங்கள் ஸ்டவ்வில் குழம்பே வைத்துவிட்டார். அடுத்த பஸ்ஸில் அவர் மகள் வீட்டுக்குப் போனது குழம்புப் பாத்திரத்தோடு. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தது.

இப்படிச் சிரிக்கிற நாட்களும் இருந்தன. சவரியம்மா என்கிற பெண்ணின் எருமை வந்தது வேறு மாதிரியான நாளில்.

அந்த வருடம் மழை தப்பியிருந்தது. எல்லைக்கு அப்பால் பலமநேர் பக்கத்தில் வெக்கை பரவுகிறது என்று சேதி வந்திருந்தது. ஒரு மத்தியானம், சாலையின் ஏற்றத்தில் ஒரு பெண் இரண்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. பெரியது நிறைசினை. சின்னது அது முன்பு ஈன்ற பெண்கன்று, இன்னும் ஈனாத கிடேரி. பக்கத்தில் வந்தபோதுதான் அவள் காலைக் கவனித்தேன். ஆண்கள் சுரங்கத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற பூட்ஸ், உள்ளே துணி திணித்துக் கட்டியிருந்தாள்.

"எங்கேருந்தும்மா வர்ற?"

"அண்ணன் வூட்லேருந்து சார். பலமநேர் பக்கம். நான் ஸ்கெலட்டன் லைனு. எங்கூட்டுக்காரரு ராக் பர்ஸ்ட்ல போயிட்டாரு. மூணு பசங்க கீதுங்கோ. அண்ணன்தான் சொல்லிச்சு, அழுதுக்கினே இருந்தா இன்னா ஆவும், இத ஓட்டிக்கினு போயி பால் ஊத்திப் பொழச்சிக்கோன்னு."

ஸ்கெலட்டன் லைன் என்றால் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ராக் பர்ஸ்ட் என்றால் சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்துச் சரிவது. அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சான்றிதழ் இல்லை. அந்த ஊரில் மாட்டு டாக்டரே கிடையாதாம். காதில் துளையும் இல்லை. கிடேரிக்குக் காய்ச்சல் பார்த்தேன், சரியாக இருந்தது. பெரிய எருமைக்கு வைத்து எடுத்தேன். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இரண்டு தடவையும் சூடு ஏறியிருந்தது.

"நடந்த சூடு சார் அது. தண்ணி காட்டினா எறங்கிடும்" என்றாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். ஆனால் எருமையின் மூக்கு காய்ந்திருந்தது. கண்ணோரம் ஈரம். கீழுதட்டை இழுத்துப் பார்த்தேன். உள்ளே செக்கச் சிவப்பாக இருந்தது. இரண்டையும் பிரித்து, எருமையைக் கடைசிக் கொட்டிலிலும் கிடேரியைச் சாலையோரப் பட்டியிலும் கட்டினேன். இரண்டும் மாறி மாறிக் கத்தின. கோலாருக்குப் போகிற பஸ் டிரைவரிடம் டாக்டருக்குச் சேதி சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை டாக்டர் வந்தபோது ஈறில் தவிடு ஒட்டியது போல வெளுத்துவிட்டிருந்தது. அந்த நாற்றமும் வந்துவிட்டது. ஒருமுறை முகர்ந்தவனுக்கு அது மறக்காது. டாக்டர் தொட்டியில் நடந்து வந்து, சவரியம்மாவிடம், "ஊட்டா ஆய்த்தா அம்மா?" என்றார்.

"இல்ல சார்."

எங்கள் செக்போஸ்ட் வாட்ச்மேனை அனுப்பி டீக்கடையிலிருந்து உப்புமா வாங்கிவரச் சொன்னார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கிடேரியைப் பார்த்தார், பிறகு எருமையைப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"அம்மா, இதுக்கு வந்திருக்கறது வெக்கை. பெரிய வியாதி."

"பொழைக்குமா?"

"கஷ்டம்."

"வயித்துல கன்னு கீது சார்."

அவர் இல்லை என்று தலையை மட்டும் லேசாக அசைத்தார்.

"சின்னது?"

"அதுக்கு மருந்து போடறேன். வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தா தாங்கலாம். உறுதி சொல்ல என்னால ஆகாது."

அவள் அழவில்லை. பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான், "நீ வீட்டுக்குப் போம்மா. பசங்களைப் பாரு. இதை நாங்க பாத்துக்கறோம். முடிஞ்சதும் சொல்லி அனுப்பறோம்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அவர மேல தூக்கினு வந்தப்ப பெட்டிய மூடிதான் குடுத்தாங்க சார். பாக்கற மாதிரி இல்ல, வேணாம்மான்னு சொன்னாங்க. நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க. ஆனா நான் பாக்கல. இன்னும் அவரு ஷிஃப்ட் முடிஞ்சி வந்துடுவாருன்னே தோணிக்கினு கீது. இதையாவது கடைசி வரைக்கும் கூட இருந்து பாக்கறேன். வுடுங்க சார்."

டாக்டர் எழுந்துபோய் மேஜையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துவந்து, நின்றபடியே உதடு அசையப் படித்தார். பிறகு என்னிடம் கன்னடத்தில் சொன்னார். "விதி மாட்டைத்தான் நிறுத்துகிறது. மனுஷி இருக்கலாமா கூடாதா என்று ஒன்றும் சொல்லவில்லை." அவளிடம் திரும்பினார்.

"இருக்கலாம். ஆனா இருந்தா முழுசா இருக்கணும். இது முடியற வரைக்கும் வீட்டுக்குப் போகக்கூடாது. உங்க லைன்ல மாடு நிறைய. உன் துணியில, கையில இது ஒட்டிட்டுப் போகும். துணியைக் கொதிக்கிற தண்ணியில போட்டுத்தான் துவைக்கணும். இன்னொண்ணு. ரெண்டுல ஒண்ணைத்தான் நீ தொடலாம். எருமையைத் தொட்டா, சின்னதுகிட்டப் போகக்கூடாது."

அந்த நிபந்தனையை எதிர்பார்க்காதவள் போல கொட்டிலையும் பட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கிடேரி அவளைப் பார்த்துக் கத்தியது. சாகப்போவது எது, பிழைக்கக்கூடியது எது என்று அவளுக்குத் தெரியும்.

"சின்னத சார் பாத்துக்கட்டும்" என்று என்னைக் காட்டினாள். "நான் பெருசுகூட இருக்கறேன்."

இப்படித்தான் அந்த நாட்கள் தொடங்கின. அவள் கஞ்சி காய்ச்சி மூங்கில் குழாயால் எருமைக்குப் புகட்டுவாள். படிகாரத் தண்ணீரால் வாயைக் கழுவிவிடுவாள். ஈ மொய்க்காமல் முந்தானையால் விசிறுவாள். நான் இந்தப் பக்கம் கிடேரிக்குப் புல் போடுவேன், காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து உரக்கச் சொல்வேன். நடுவில் நாங்கள் கட்டிய கயிறு. அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இன்னைக்கு மேஞ்சிச்சா சார்?" என்று கேட்பாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தாள். மூங்கில் தடுப்புக்கு அப்பால் சாலையில் அவர்களை நிறுத்தினேன். கடைசிப் பெண் அம்மாவைப் பார்த்ததும் தடுப்பின் அடியில் நுழைந்து ஓடிவரப் பார்த்தாள். அவளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றது என் வேலையாயிற்று. என் மார்பில் உதைத்தாள். சவரியம்மா கொட்டில் வாசலிலேயே நின்று, "தல வாரிக்கினியா? ஸ்கூலுக்குப் போனியா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனபின் கொட்டிலுக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

சேதி லைனுக்குப் பரவிவிட்டது. ஸ்கெலட்டனில் பல வீடுகளில் பின்பக்கம் ஒரு பசுவோ எருமையோ இருக்கும். பால்கார முனுசாமிக்கு மட்டும் ஒரு கொட்டகை நிறைய எருமைகள். அவர் நாலைந்து ஆட்களோடு வந்தார்.

"இன்னா சார் இது? வியாதி மாட்ட வெச்சி பூஜ பண்ணிக்கினு கீறீங்க? சுட்டுப் பொதைங்க சார். எங்க மாடுங்கோ செத்தா நீங்க குடுப்பீங்களா?"

"இது இந்த இடத்தை விட்டு நகராது முனுசாமி. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

"அவ துணில ஒட்டிக்கினு வந்தா?"

"அதனாலதான் அவ வீட்டுக்கே போகாம இங்க இருக்கா. சரி, உங்க எருமைகளுக்கு ஊசி போட்டாச்சா?"

அவர் வேறு பக்கம் பார்த்தார். ஊசி போட்டால் பால் வற்றிவிடும், சினை கலைந்துவிடும் என்று லைனில் எல்லோருக்கும் பயம். எங்கள் ஆட்கள் ஊசியோடு போனபோதெல்லாம் மாடுகளை மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிடுவார்கள். முனுசாமியின் மாடுகள்தான் முதலில் போகும்.

அவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் வேறொருவர் வந்தார். மாட்டுத் தரகர். நான் கிடேரியின் தொட்டியைக் கழுவிக்கொண்டு பட்டிக்குள் குனிந்திருந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சவரியம்மாவிடம் தணிந்த குரலில் பேசினார்.

"பெருசு போனது போனதுதாம்மா. சின்னது நல்லாத்தானே கீது? இவங்க இங்கியே வெச்சி அதையும் சாவடிச்சிடுவாங்கோ. அவுத்து என்கிட்ட குடு. குட்டை வழியா ஓட்டிக்கினு போயி உங்க லைன்லியே வுட்டுடறேன். ஒண்ணும் ஆவாது."

நான் நிமிர்ந்திருக்கலாம். ஏனோ நிமிரவில்லை. டாக்டர் சொன்ன ஒத்தையடிப் பாதைகளெல்லாம் மனதில் ஓடின. அவள் தலையசைத்திருந்தால் நான் அன்று தடுத்திருப்பேன், ஆனால் நான் இல்லாத வேறொரு வேளையில் எப்படித் தடுப்பேன்? அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு பேசினாள். தரகருக்கு மட்டும் இல்லை, எனக்கும் நன்றாகக் கேட்கும்படி.

"கீழ கல்லு சத்தம் போடுதுன்னு எங்கூட்டுக்காரருதான் வந்து சொன்னாரு. எனக்கு பயமா கீது, இன்னைக்குப் போவாதீங்கோன்னேன். 'ஒண்ணும் ஆவாது'ன்னு சொல்லிட்டு சோத்து டப்பாவ எடுத்துக்கினு போனாரு. அந்த வார்த்தைய இனிமே யாரு சொன்னாலும் நான் கேக்கறதா இல்ல. எங்க லைன்ல என்ன மாதிரி மாட்ட நம்பி எத்தினி பொம்பளைங்க கீறாங்கோ, தெரியுமா? அவங்க வூட்டுக்கு என் கன்னுகுட்டிய வுட்டு இந்த வியாதிய அனுப்பச் சொல்றியா? போய்யா."

தரகர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அங்கே இருந்தது அவளுக்கு முன்பே தெரியும் போலிருந்தது. "புல்லு போட்டுட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

எருமைக்குக் கழிச்சல் கண்டது. கன்று கலைந்து விழுந்தது. அதற்கப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. ஒரு காலையில் நான் கயிற்றுப் பக்கம் போனபோது அதன் தலை அவள் மடியில் இருந்தது, உயிர் இல்லை. டாக்டருக்குச் சொல்லியனுப்பினேன்.

வெக்கையில் செத்த மாட்டைப் புதைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. குழியைக் கொட்டில் பக்கத்திலேயே வெட்டவேண்டும். உடலைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் நோய் சிந்தும். ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம் வேண்டும், நாய் நரி தோண்டாதபடி. அது படுத்த வைக்கோல், சாணம், கட்டிய கயிறு, குடித்த மண்சட்டி எல்லாம் அதோடு உள்ளே போகவேண்டும். குழியில் இறக்கியபின் டாக்டர் கத்தியை எடுத்தார்.

"இன்னாத்துக்கு சார் அது?" என்றாள் சவரியம்மா.

"தோலுக்காக யாராவது தோண்டி எடுப்பாங்கம்மா. கிழிச்சுட்டா தோல் எதுக்கும் உதவாது. தோண்ட மாட்டாங்க." பிறகு, "நீ அந்தப் பக்கம் போ. இதைப் பார்க்க வேண்டாம்" என்றவர், சொன்னதை உடனே திருத்திக்கொண்டார். "பார்க்கணும்னா இரு."

அவள் இருந்தாள். அவர் குழிக்குள் இறங்கித் தோலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுவதை, சுண்ணாம்பு கொட்டுவதை, முதல் மண் விழுவதை எல்லாம் பார்த்தாள். மண் மேடாகி, மேலே முள் போட்டு முடித்தபோது, "பாத்துட்டேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாது. அதன் பிறகுதான் முதல்முதலாக வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை எருமைக்கு மட்டுமானது இல்லை என்று எங்களுக்குப் புரிந்தது. டாக்டர் ஜீப்புக்குப் போகாமல், அவள் அழுது ஓயும்வரை குழிப்பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

எருமை செத்த சேதி கேட்டு முனுசாமியும் ஆட்களும் மறுபடி வந்தார்கள். இந்த முறை சத்தம் இல்லை. சாலையில் நின்றபடி மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் சவரியம்மா கயிற்றுப் பக்கம் வந்துவிட்டாள்.

"முனுசாமிண்ணா, வாயில ஒரு வாய் வெக்க முடியாம செத்துச்சி. நாக்கு தோலெல்லாம் உரிஞ்சி வந்துச்சி. நான் பாத்தேன். நீ பாக்க வேணாம். போயி உன் மாட்டுங்களுக்கு ஊசி போட்டுக்கோ."

"பாலு வத்திடுமேம்மா."

"வத்தட்டும். வத்தின பாலு திரும்பி வரும். எனக்கு எது திரும்பி வரும், சொல்லு?"

முனுசாமி ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாள் நாங்கள் குளித்து, கொதிக்கவைத்துத் துவைத்த துணிக்கு மாறி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை எடுத்துக்கொண்டு ஸ்கெலட்டனுக்குப் போனோம். எப்போதும் காலியாக இருக்கும் மைதானத்தில் மாடுகள் வரிசையாக நின்றன. வரிசையின் தலையில் முனுசாமியின் எருமைகள். பொழுது சாயும்வரை காதில் துளை போட்டுப் போட்டு எனக்கு விரல் மடங்கவில்லை. அந்த வருடம் எல்லைக்கு அப்பால் ஊர் ஊராக மாடுகள் செத்தன. எங்கள் லைன்களில் ஒன்றுகூடச் சாகவில்லை.

கிடேரிக்கும் நோய் வந்தது. மருந்து போட்டிருந்ததால் லேசாக வந்தது. சில நாள் காய்ச்சல், ஈறில் கொஞ்சம் புண். நான் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன் என்று சொன்னால் மிகையாகாது. ஒரு காலை அது தொட்டியிலிருந்த புல்லை இழுத்து மென்ற சத்தம் கேட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சவரியம்மா ஓடிவந்தாள். கயிற்றைத் தொடும் முன் நின்றுகொண்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே ஆயுசுக்கும் இதுக்கு வெக்கை வராது. ஊசியைவிடப் பெரிய ஊசி போட்டுக்கிடுச்சு." விதிப்படி இருக்கவேண்டிய நாட்கள் முடிந்ததும், கிடேரியைக் குளிப்பாட்டி, காதில் துளை போட்டு, அவளிடம் கொடுத்து அனுப்பினோம்.

அந்த மூங்கில் கம்பை நான் எத்தனையோ வருடம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அது நோயைத் தடுத்தது என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம். அவள் தரகரிடம் வேறு பதில் சொல்லியிருந்தால் எங்கள் மூங்கில் எதைத் தடுத்திருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் அரசாங்கச் சம்பளத்துக்கு நின்றோம். அவள் எதற்காக நின்றாள்? அந்த இளம் டாக்டரிடம் இதைத்தான் சொல்லியிருக்கவேண்டும்.

பிறகு டாக்டர் நஞ்சுண்டையாவுக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. ராஜ்ஜியத்தின் பெயரும் கர்நாடகா என்று மாறியது. நான் அதே செக்போஸ்டில் இருந்தேன். ஒருநாள் காலை தங்கவயல் பஸ்ஸிலிருந்து சவரியம்மா இறங்கினாள். கையில் மூடிபோட்ட தூக்குச்சட்டி. முடியில் அங்கங்கே நரை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"கன்னு போட்டுடிச்சி சார், நீங்க வளத்தது. பொட்டக் கன்னு. சீம்பால் காச்சி எடுத்தாந்தேன்."

வெல்லமும் ஏலக்காயும் போட்ட சீம்பால், இன்னும் சூடாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே, "லைன்ல எல்லாருக்கும் குடுத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"மொத சொம்பு முனுசாமிண்ணன் வூட்டுக்குத்தான் சார். வாங்கிக்கினு ஒரு வாய் சாப்ட்டாரு. அப்பால ஒரு கேள்வி கேட்டாரு, எனக்கு பதில் தெரியல. அதக் கேட்டுக்கினு போவலாம்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

"என்ன கேட்டாரு?"

"கன்னுக்கு எப்ப ஊசி போடணும்னு."

"ஆறு மாசம் ஆகட்டும்னு சொல்லு. நானே வந்து போடறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு, தூக்குச்சட்டியை எங்கள் குழாயில் கழுவிக்கொண்டு, திரும்பிப் போகிற பஸ்ஸுக்காகச் சாலையோரம் போய் நின்றாள்.